பூட்டிய வளவும் கிடைக்காத வாடகை வீடும்: காரைக்குடியின் வீட்டுத் தட்டுப்பாடு எங்கே பிறக்கிறது

காரைக்குடிக்கு வேலை தேடி வந்து சேரும் ஒரு குடும்பம் முத்துப்பட்டணம், கல்லுக்கட்டி, செக்காலைப் பக்கம் வீடு பார்க்கக் கிளம்பினால் பார்க்கும் இடமெல்லாம் வீடுதான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக் கதவு என்று நீளும் வீடுகள். வாடகைக்குக் கிடைப்பதோ ஊரின் ஓரத்தில், பாதாளச் சாக்கடையும் நல்ல தண்ணீரும் எட்டாத மனைப்பிரிவில், ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு லைன் வீடு. கடைத்தெருவில் வேலை, பிள்ளைக்கு ஊருக்குள் பள்ளிக்கூடம் என்றால், வாடகையில் மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும்.

இந்த முரண் நாடு முழுக்க உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் சுமார் 1.11 கோடி வீடுகள் காலியாக இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு மத்திய அரசின் வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுத் தட்டுப்பாட்டை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்களுடையது. காரைக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டில் இதே நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரியக் காரணம் உண்டு. இங்கே காலியாக இருப்பவை முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட ஃபிளாட்டுகள் இல்லை, பரம்பரை வீடுகள். நடுவூரில் கூரைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கூரையை வாடகைக்கு விட முழு உரிமையோடு கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை என்பதுதான் பஞ்சம்.

போனவர்களும் வந்தவர்களும்

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பது வழக்கு. இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எஞ்சியிருப்பவை எழுபது சொச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரை கட்டிய பெரிய வீடுகளுக்குப் பணம் வந்தது பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது வணிகத்துக்கு, போன இடங்களிலிருந்து. 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும் நெல் சாகுபடி பெருகியது. அதற்கு முன்பணம் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930-களில் நெல் விலை சரிந்தபோது அடமானம் வைத்த நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு வயல் அவர்களுடையது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது. 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1960-களில் கடை கண்ணிகளும் நாட்டுடைமையாகி இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். வருமானத்தின் ஊற்று அடைபட்ட பிறகும் வீடுகள் நின்றன. அடுத்த தலைமுறை சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் போனது; அதற்கடுத்த தலைமுறை சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனது.

அதே காலத்தில் காரைக்குடிக்குள் வேறொரு கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. 1947-ல் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கினார். அவர் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழும்பியது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறப்பு விழா கண்டது. 1952-ல் பொறியியல் கல்லூரி, 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம். ஊரில் ஒரு பகுதிக்கு இன்றும் பர்மா காலனி என்றே பெயர். மாணவர், ஆய்வாளர், அரசு ஊழியர், புதுவயல் அரிசி ஆலைகளின் தொழிலாளர், கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வரும் வடமாநிலத்தவர், பிள்ளைகளின் படிப்புக்காக மானாவாரிக் கிராமங்களை விட்டு வரும் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் குடும்பங்கள்: இன்றைய காரைக்குடியின் பகல்நேர உழைப்பெல்லாம் இவர்களுடையது. நடு முற்றம் கொண்ட வளவு வீட்டுத் தெருக்களில் இரவில் விளக்கெரிவது பெரும்பாலும் தனியாக இருக்கும் ஓர் ஆச்சியின் அறையிலோ முகப்பறையில் தங்கியிருக்கும் காவல்காரர் குடும்பத்திலோதான்.

ஆக, ஊர் குறுகவில்லை, ஆள் மாறியிருக்கிறது. வீட்டின் உரிமை மட்டும் அந்த மாற்றத்தோடு சேர்ந்து நகரவில்லை.

ஒரு வீடு, இருபத்தேழு பங்கு

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பிலேயே பங்கு இருக்கிறது. முகப்பு, திண்ணை தாண்டினால் வளவு. நடுவில் முற்றம், சுற்றிலும் பட்டாலை, அதையொட்டி வரிசையாக அறைகள். மகனுக்குத் திருமணம் ஆனதும் ‘வேறு வைத்து’, தனிச் சமையலும் ஆண்டுக் கணக்கும் ஒதுக்கி, ஓர் அறையும் கொடுப்பது வழக்கம். திருமணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஓர் அறை சொந்தம். முற்றமும் முகப்பும் எல்லாருக்கும் பொது. கூட்டுக் குடும்பத்துக்குள் தனிக்குடித்தனம் நடத்த இதைவிடத் தெளிவான ஏற்பாடு தென்னாட்டில் அரிது. அந்த ஏற்பாட்டை அப்படியே பத்திரத்தில் எழுதி வைக்காமல் விட்டதுதான் இன்றைய சிக்கலின் வேர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1910-ல் வீடு கட்டியவருக்கு மூன்று மகன்கள். அவர்களுக்கு மும்மூன்று மகன்கள். அந்த ஒன்பது பேருக்கும் மகன் மகள் சேர்த்து மும்மூன்று பிள்ளைகள் என்றால் இன்று 27 பேர், ஆளுக்கு 27-ல் ஒரு பங்கு. மகள்களின் பங்கு இப்போது வெறும் பேச்சில்லை. தமிழ்நாடு 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் முடிவாகச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை இது தொடாது. ஆனால் “பெரியவர்கள் அப்போதே வாய்மொழியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்” என்ற வாதத்தை, அரசுப் பதிவேடு போன்ற வலுவான ஆவணம் இல்லாமல் நீதிமன்றம் லேசில் ஏற்காது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பெட்டகத்தில் மடித்து வைத்திருக்கும் பதிவு செய்யாத குடும்பச் சீட்டை நம்பி ‘இந்த அறைகள் எங்களுக்கு’ என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

27 பேரில் ஒருவர் தன் பங்கை வாடகைக்கு விடலாமா? பிரிபடாத பங்கை வாடகைக்கு விட உரிமை உண்டு. ஆனால் குறிப்பிட்ட அறைகளைத் தனியனுபவத்துக்குக் கொடுத்தால் மற்ற பங்காளிகள் தடுக்கலாம். குடியேறியவர்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்.

விற்கலாம் என்றால் இன்னும் கடினம். கூட்டுப் பட்டாவில் இறந்தவர்கள் பெயர் இருக்கும். ஒவ்வொரு இறப்புக்கும் வாரிசுச் சான்று வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு முழுவதும் திரும்ப எழுதுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அத்தோடு முடிந்தது. கையெழுத்துப் போடும் பலர் எழுபது வயதைத் தாண்டியவர்கள் என்னும்போது, கடைசிக் கையெழுத்து வருவதற்குள் முதல் கையெழுத்து செல்லாமல் போவதும் உண்டு.

ஒத்து வராவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. முதல்நிலைத் தீர்ப்பு யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். பிறகு வழக்கறிஞர் ஆணையர் வந்து அளப்பார். ஒரு முற்றத்தை 27 ஆகப் பிரிக்க முடியாது என்று அறிக்கை கொடுப்பார். பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால், 1893-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் வீட்டை விற்கச் சொல்லலாம். மற்ற பங்காளிகள் மதிப்பீட்டு விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி உண்டு. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் ஏலத்துக்குப் போனால், எடுக்க வருபவர் கணக்கிடுவது மனையின் விலையையும் பர்மாத் தேக்கின் கன அடியையும். தூண், நிலை, கதவு, உத்தரம் எல்லாம் தனித்தனியாகப் போகும். சில ஆயிரம் சதுர அடிக் கூரை இப்படித்தான் ஒரே மாதத்தில் இல்லாமல் போகிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் எந்த ஒரு வீட்டையும் பிரிப்பதைத் தடுக்காது.

பாகப் பத்திரச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்ப உறுப்பினர்களுக்குள் பிரித்துக்கொண்டால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. இந்தச் சலுகை ‘குடும்பம்’ என்ற சட்ட வரையறைக்குள் வரும் உறவுகளுக்கு மட்டுமே. மூன்று தலைமுறை தள்ளிய பங்காளிகள் சேர்ந்து எழுதும்போது யார் யார் உள்ளே, யார் வெளியே என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வரையறைக்கு வெளியே போனால் தீர்வை பல மடங்கு ஏறும். பத்திரம் தயாரான பிறகு இது தெரியவந்து கைவிட்ட ஏற்பாடுகள் ஏராளம்.

அரசு வீடு ஏன் இவர்களுக்கு எட்டவில்லை

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015-ல் தொடங்கியது. 2024 செப்டம்பரிலிருந்து அதன் இரண்டாம் கட்டம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பம், 30 முதல் 45 சதுர மீட்டர் வீட்டைத் தானே கட்டிக்கொள்ள மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 2.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். முதல் நிபந்தனை, சொந்த மனை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இல்லாதது அதுதானே. மனை இருந்தாலும் கணக்கு இடிக்கிறது: 30 சதுர மீட்டர் என்றால் 323 சதுர அடி; சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் ஆறரை லட்சம். மீதி 4 லட்சத்துக்கு வங்கி கேட்பது சம்பளச் சீட்டு. அது இல்லாதவர் குழுக் கடனுக்கும் நகைக் கடனுக்கும் போகிறார். வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மானியம் கட்டட நிலைக்கு ஏற்பத் தவணையாகத்தான் வரும் என்பதால், கட்டாமல் அடுத்த தவணை இல்லை, தவணை இல்லாமல் கட்ட முடியவில்லை.

மலிவான மனை தேடி ஊரோரம் போகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் வாங்கினால் பத்திரப்பதிவே தடைபடும். 2016 அக்டோபர் 20-க்குள் விற்கப்பட்ட மனைகளை வரைமுறைப்படுத்த 2017 விதிகள் வழி செய்தன. அதற்குப் பிந்தியவற்றுக்கு அந்த வழி இல்லை. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கொடுக்காமல், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டும்.

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. சாலையும் குடிநீரும் மேம்படும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் ஊராட்சிக் குடிசைவாசிக்கு அது திட்டம் மாறும் நாளும்கூட. கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது; அது ஊரகப் பகுதிக்கானது. எல்லைக்கோடு நகர்ந்ததும் அவர் நகர்ப்புறத் திட்டத்தின் 2.5 லட்சத்துக்கு வந்துவிடுகிறார். நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட ஊரக வேலைத் திட்டமும் ஊராட்சிகளுக்கே உரியது. வருமானத்தில் ஒரு கால் ஒடிந்த நிலையில் சொத்துவரி உயர்கிறது. இணைப்புக்கு முன் விண்ணப்பித்தவர்களின் மனுக்கள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்பதை வார்டு வாரியாக வெளியிட்டாலே பாதி அலைச்சல் குறையும்.

பின்கட்டு

புதிய அடுக்குமாடிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டட்டும். ஆனால் சாலை, குடிநீர், பள்ளி, மருத்துவமனை, சந்தை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ள நடுவூரில், நிலம் வாங்காமல் வீடு பெருக்க ஒரு வழி ஏற்கெனவே நிற்கிறது. அது இந்த வீடுகளில் வளவுக்குப் பின்னால் வரும் இரண்டாம், மூன்றாம் கட்டு.

முழு வீட்டையும் வாடகைக்குக் கேட்டால் குடும்பம் மறுக்கும். மறுப்பதில் நியாயமும் உண்டு. கல்யாணம், சாந்தி, படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று புள்ளிகள் எல்லாம் கூடும் நாட்களுக்கு முகப்பும் வளவும் சாமி அறையும் வேண்டும். அறைகளில் அந்தந்தப் புள்ளியின் சாமான் இருக்கிறது: பித்தளை, எவர்சில்வர், பீங்கான், மங்குச் சாமான், மகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது. வாடகைப் பேச்சு முதலில் முறிவது பணத்தில் இல்லை, இந்தச் சாமானில்தான். ஆகவே முன்பாதியைத் தொடவே கூடாது. எல்லா அறைகளின் சாமானையும் வளவைச் சுற்றிய அறைகளுக்குள் மாற்றி, அறைவாரியாகப் பட்டியல் எழுதி, படம் எடுத்து, எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பிவிட்டு, வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவிலுள்ள கதவைப் பூட்டிவிடலாம். பின்தெருவுக்குத் தனிக் கதவு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கதவு வழியாக மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் குடியிருக்கலாம்.

வேலை எங்கே கெடும் என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

கழிப்பறையைப் பழைய சுவரை ஒட்டிக் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் பிழை. சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. ஓயாத ஈரம் பட்டால் உப்புப் பூத்து, பூச்சு பொருக்கு விட்டு உதிரும். தோட்டத்தில், பழைய சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி, தனிக் கட்டடமாகக் கழிப்பறைகளை வையுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால், 20 பேருக்கான செப்டிக் டேங்க் உள்ளளவு இந்தியத் தரநிர்ணயப்படி 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் நீர் ஆழம். இந்த ஆழத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை கழிவை எடுக்க வேண்டும். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மூன்றாம் கட்டுக்குள்ளேயே கிணறு உள்ள வீடுகளில் இந்த இடைவெளி பல நேரம் கிடைக்காது. அங்கே கிணற்று நீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க மாநகராட்சிக் குழாய் இணைப்பு வாங்கியே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் முதல் பலி குழந்தைகளின் வயிறு.

உதிர்ந்த பூச்சுக்குச் சிமெண்ட் போடக் கூடாது. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைக்கும். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு பக்கத்துப் பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு விழும். வளவில் உள்ளது போல் முட்டை வெண்கரு சேர்த்த பளபளப்பு பின்கட்டுக்குத் தேவையில்லை. நன்றாக நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரைப் பங்கு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர்: இது போதும். சுண்ணாம்பை நீர்க்க விட்டுச் சில வாரமாவது ஊற வைக்காமல் பூசினால், பூசிய பிறகு உள்ளே நீர்த்துப் பொரிப்பொரியாக வெடிக்கும்.

மின்சாரத்துக்குப் பழைய பூச்சில் காடி வெட்டாதீர்கள். ஓரிடத்தில் வெட்டினால் பலகை பலகையாகப் பெயரும். மேலே பைப் வயரிங் அழகு குறைவுதான், ஆனால் சுவர் தப்பிக்கும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். தனி மீட்டரும் வேண்டும்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் குடியிருப்பவர் கையில் சேர அதுவே வழி. ஒரே மீட்டரில் நான்கு குடும்பத்தைக் கோத்தால் மொத்தப் பயன்பாடு மேல் படிக்கு ஏறி, யூனிட் விலை கூடி, மாதா மாதம் சண்டை. புதிய இணைப்புக்கு உரிமையாளர்களின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், மறுபடியும் கையெழுத்துதான்.

சமையலை மூன்றாம் கட்டு அடுப்படிப் பக்கத்தோடு நிறுத்துங்கள். மரத் தளத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத பழைய சாமான் அறையில் கேஸ் அடுப்பு வைக்க யாரையும் விடக் கூடாது. அந்த அறைகளுக்குக் காற்றே நடை வழியாகத்தான் வருகிறது. படுக்க வேண்டுமானால் மேற்சுவரில் காற்றுத் திறப்பு வைத்த பிறகே.

ஓடு பற்றிச் சொல்லாமல் தீராது. பல அடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டைக் குரங்கும் பூனையும் நகர்த்தும். அரச விதை வேர் விடும். ஐப்பசி மழைக்கு முன் ஆள் ஏறிப் பார்த்து, நகர்ந்ததைச் சரிசெய்து, முற்றத்து வடிகாலில் தூர் எடுத்தால் வீடு நிற்கும். ஒரே இடத்தில் ஒழுக்கு ஓராண்டு தொடர்ந்தால் சுவர் மேல் உட்காரும் மரத்தின் நுனி மக்கி, கைமரம் இறங்கும். அதன் பிறகு செலவு ஆயிரத்திலிருந்து லட்சத்துக்குத் தாவும். பூட்டிய வீட்டில் ஒழுக்கைப் பார்க்க ஆளில்லை என்பதாலேயே அவை விழுகின்றன. குடியிருப்பவர் முதல் மழையிலேயே போன் செய்துவிடுவார்.

பணமும் காகிதமும்

மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம் வருமானத்தில் முப்பது சதவீதம் வாடகைக்குக் கொடுத்தால் 4,500. நான்கு போர்ஷன் என்றால் மாதம் 18,000, ஆண்டுக்கு 2,16,000. இதை 27 பங்காகப் பிரித்தால் ஆளுக்கு 8,000. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் இந்த 8,000-க்காக ஒரு கையெழுத்தும் போட மாட்டார். ஆகவே பிரிக்கவே கூடாது. தனி வங்கிக் கணக்கில் போட்டு, சொத்துவரி, ஓடு, மரம், பூச்சு என்று வீட்டுக்கே செலவழிக்க வேண்டும். முழுக் கூரைக்கும் ஓடு மாற்ற 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 22,000 சொச்சம் வசூலிப்பது பெரும்பாடு. அதே 6 லட்சம் மூன்று ஆண்டு வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. 2022 சொத்துவரி உயர்வில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நகராட்சிகளில் நூறு சதவீதம் ஏறியதை நினைத்தால், பூட்டி வைப்பதும் இப்போது இலவசம் இல்லை.

காகிதத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து, வாடகைக்கு விடவும் வசூலிக்கவும் பழுது பார்க்கவும் மட்டும் ஒருவருக்கு எழுதும் பவர். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்த்தால் பாதிப்பேர் பின்வாங்குவார்கள், சந்தேகப்படுவது சரியும்கூட. பவர் வாங்குபவர் ஊரில் அல்லது மதுரை, திருச்சித் தூரத்தில் இருப்பவராக இருக்கட்டும். பங்காளி ஒருவர் காலமானால் அவர் வாரிசுகள் மூன்று மாதத்துக்குள் புதிதாக எழுதித் தர வேண்டும் என்ற உடன்படிக்கையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

“குடிவைத்தால் காலி பண்ண மாட்டார்கள்” என்ற பயம் 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் உருவானது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையவழிப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகையும் அதன் பின் நான்கு மடங்கும் தர வேண்டியிருக்கும். இருபது ரூபாய்த் தாளில் எழுதி மடித்து வைத்த பதினோரு மாத ஒப்பந்தம், பதிவு எண் இல்லாமல் இருந்தால் இரு தரப்பையும் காப்பாற்றாது.

கூட்டு வீட்டில் ஒத்திக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம் என்பது ஏழைக் குடும்பத்துக்குக் கவர்ச்சியானது; நகையை விற்றுக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினால் மற்றவர்களை அது கட்டுப்படுத்தாது. வீடு ஏலத்துக்குப் போனால் பணத்துக்காக அவர் பின்னால் அலைய வேண்டியதுதான். வில்லங்கச் சான்றும் கூட்டுப் பட்டா நகலும் பார்த்து, அதில் உள்ள அத்தனை பேரின் ஒப்புதலோடு பதிவு செய்த ஒத்திப் பத்திரம் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். மாத வாடகைதான் பாதுகாப்பு.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் வீடு மறுக்கப்படுபவர்கள் இருக்கிறார்கள். “என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் ‘வீடு வேறு ஆளுக்குப் பேசியாச்சு’ ஆகிவிடுகிறது. தலித் குடும்பங்கள், முஸ்லிம்கள், கவிச்சி சமைப்பவர்கள், இந்தி பேசும் தொழிலாளர்கள், தனியாக வாழும் பெண்கள் எல்லாரும் இதை அறிவார்கள். புதிய வாடகைச் சட்டத்தில் இதைத் தடுக்கும் பிரிவு கிடையாது. இந்த மறுப்பு வெறும் மனவருத்தத்தோடு முடிவதும் இல்லை: நடுவூர்க் கதவுகள் மூடிக்கொள்வதால் இவர்கள் ஓரத்து லைன் வீடுகளில் குவிகிறார்கள், அங்கே வாடகை தரத்துக்குப் பொருந்தாமல் ஏறுகிறது. பின்தெருவில் தனிக் கதவு, தனி அடுப்படி, பூட்டிய நடுக்கதவு என்று ஆன பிறகு, ‘வீட்டுக்குள் புழங்குவார்களே’ என்று சொல்லவும் இடமில்லை. பவர் எழுதும்போதே, வாடகை தரும் திறனும் முந்தைய வீட்டுக்காரரின் சொல்லும் தவிர வேறெதையும் கேட்பதில்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு முத்திரைத் தீர்வை எதுவும் இல்லை.

ஒப்பந்தத்தில் மறக்காமல் எழுத வேண்டியவை இன்னும் சில: குடும்ப விசேஷ நாட்களுக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு, அந்நாட்களில் கிணற்றடியையும் கொல்லையையும் பகிர்ந்துகொள்வது, ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசிக்குள், ஓடு பார்க்க ஆள் ஏறுவதற்கு அனுமதி, அந்தச் செலவு உரிமையாளர் கணக்கில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் கலந்த கிளீனர் ஊற்றக் கூடாது, தண்ணீரும் தேங்காய் எண்ணெய்த் துணியும் போதும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஒருமுறை ஆசிட் பட்ட கல்லின் நிறம் திரும்புவதில்லை.